அபதானா படிக்கட்டுச் சிற்பங்கள்: எந்தக் குழு எந்த நாட்டார் என்று அடையாளம் காணும் முறை

பண்டைய பாரசீகப் பேரரசின் தலைநகர்களில் ஒன்றான பெர்செபோலிஸில் (இன்றைய ஈரான்) அபதானா என்ற பெருமண்டபத்தின் படிக்கட்டுச் சுவரில் 23 நாட்டுக் குழுக்கள் காணிக்கை ஏந்தி வரிசையாக வருகின்றன. யார் எந்த நாட்டார் என்று அவர்களுக்கு அருகில் பெயர் பொறிக்கவில்லை. அதே முகப்பில் பாரசீக அரசன் செர்க்செஸின் கல்வெட்டு இருக்கிறது. அது அரசனையும் அகுரமஸ்தா என்ற கடவுளையும் பற்றிப் பேசுகிறதே தவிர, ஒட்டகம் ஓட்டி வந்தவர் யார் என்று சொல்வதில்லை. படங்களுக்கு அடியில் நாம் பார்க்கும் ‘பாக்திரியர்’, ‘பார்த்தியர்’, ‘கிலிகியர்’ எல்லாம் பிற்கால ஆய்வாளர்கள் உடையையும் பொருளையும் ஒப்பிட்டு வைத்த பெயர்கள். அவற்றில் சில உறுதியானவை, சில ஓரளவு பொருந்துபவை, சில இன்னும் தீராத வழக்கு.

எதை நம்பலாம் என்பதை நீங்களே தீர்மானிக்க முடியும். நேரில் போனாலும் சரி, படங்களை வைத்துக்கொண்டு பார்த்தாலும் சரி, முறை ஒன்றுதான்: முதலில் உடை, அடுத்து விலங்கும் பொருளும், கடைசியில் பெயர். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ‘இவர்கள் ஆர்மீனியர்’ என்று படித்த பிறகு சுவரைப் பார்த்தால், கண் அந்தப் பெயருக்கு ஒத்துப்போகும் அடையாளங்களை மட்டுமே பொறுக்கும்.

எந்த முகப்பில் தொடங்குவது

அபதானாவை முதலாம் டேரியஸ் தொடங்கினான், அவன் மகன் செர்க்செஸ் முடித்தான். மண்டபத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு படிக்கட்டு. இரண்டிலும் அதே 23 குழுக்கள்தாம், ஆனால் கண்ணாடிப் பிம்பம்போல் திசை மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். வடக்கு முகப்பு நூற்றாண்டுக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்து தேய்ந்துவிட்டது. கிழக்கு முகப்பு இடிபாட்டு மண்ணுக்குள் புதைந்திருந்தது. 1932-இல் தொல்லியலாளர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் அகழாய்வில்தான் வெளியே வந்தது. அதனால் தாடிச் சுருளும் துணியின் குஞ்சமும் அங்கே இன்னும் கூர்மையாக இருக்கின்றன. கிழக்கில் தொடங்குங்கள்.

வடக்கை விட்டுவிடவும் கூடாது. கிழக்கு முகப்பில் காணிக்கைக் குழுக்கள் பார்ப்பவருக்கு இடப்பக்கச் சிறகில் (சுவரின் பக்கப் பகுதியில்) இருக்கின்றன, வலப்பக்கம் நோக்கி நடக்கின்றன. ஆகவே அவர்களின் உடலின் வலப்புறம் நமக்குத் தெரியும். வடக்கில் அவர்கள் பார்ப்பவருக்கு வலப்பக்கச் சிறகிலிருந்து இடப்பக்கம் நோக்கி வருகிறார்கள். உடலின் இடப்புறம் தெரியும். மேதியர் (பாரசீகரின் அண்டை ஈரானிய இனத்தார்) பாணிக் குறுவாள் வலது இடுப்பில் தொங்கும், வில்லுறை இடது பக்கம் தொங்கும். ஒரு முகப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்தக் குழுவிடம் ஆயுதமே இல்லை’ என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இரண்டு முகப்பின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஆளைச் சுற்றி வந்து பார்த்ததற்குச் சமம்.

படங்கள் தேடுவோருக்கு ஒரு யோசனை: சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனம் 1930-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை முதலில் பாருங்கள். மண்ணிலிருந்து வெளிவந்த புதிதில், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தவை என்பதால் இன்றைய வண்ணப் படங்களில் மங்கிய கோடுகள் அவற்றில் தெளிவாகத் தெரியும். நேரில் போவோர் கவனிக்க: கிழக்குப் படிக்கட்டுக்கு மேல் பாதுகாப்புக் கூரை இருக்கிறது, சூரிய ஒளி நேராக விழாது. வடக்கு முகப்பில் கோடைக் காலத்தில் அதிகாலையிலும் மாலையிலும்தான் பக்கவாட்டு வெயில் படும். உச்சி வேளையில் அங்குள்ள புடைப்புச் சிற்பங்கள் தட்டையாகத்தான் தோன்றும்.

வரிசையைப் பிரிப்பது

காணிக்கைச் சிறகில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசைகள். அவற்றைப் பிரிப்பது 12 இதழ்ப் பூக்கள் அமைந்த பட்டை. ஒரு குழு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சைப்ரஸ் போன்ற ஒரு ஊசியிலை மரம் நிற்கும். மரத்துக்கு மரம் ஒரு குழு. எண்ணிக்கை தவறாமலிருக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு குழுவில் மூன்றே பேர் இருக்கலாம், ஒன்பது பேரும் இருக்கலாம்.

எண்களை, ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்குப் பிறகு அகழாய்வை நடத்திய எரிக் ஷ்மிட் கொடுத்தார்; பின்வந்தவர்கள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறார்கள். எண்ணும் முறை சற்று வித்தியாசமானது. சுவரின் நடுப்பகுதிக்கு மிக அருகில் இருப்பவர்களில் தொடங்கி மேலிருந்து கீழாக 1, 2, 3. அதற்கு அடுத்த அடுக்கில் மறுபடி மேலிருந்து கீழாக 4, 5, 6. இப்படி 18 வரை நேர்ச் சுவரிலும், மிச்சம் ஐந்து படிக்கட்டின் சரிவுப் பகுதியிலும் வரும். கிழக்கு முகப்பில் இது வலமிருந்து இடமாக நகரும். நூலைப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக மேல் வரிசை முழுவதையும் எண்ணிக்கொண்டே போனால், எந்தப் புத்தகத்தோடும் உங்கள் எண் பொருந்தாது.

ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் கையில் கோலோடு ஒருவர் நிற்கிறார். குழுத் தலைவரின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். இவர் அரண்மனை அதிகாரி, குழுவைச் சேர்ந்தவர் அல்லர். வரி வரியாக மேடுள்ள உயரத் தொப்பியும் மடிப்பு மடிப்பான நீண்ட அங்கியும் என்றால் பாரசீக உடை. உருண்டைத் தொப்பி, முழங்கால்வரை மேற்சட்டை, கால்சட்டை என்றால் மேதிய உடை. இந்த அதிகாரிகள் குழுவுக்குக் குழு மாறி மாறி வருகிறார்கள். உடைந்து தனியே கிடக்கும் ஒரு துண்டு எங்கே பொருந்தும் என்று சரிபார்க்க இது உதவும். இவரையும் குழுவோடு சேர்த்து எண்ணிவிட்டால் ஆள் கணக்கும் கெடும், உடைக் கணக்கும் கெடும்.

தலை, உடல், கால்

ஒரு தாளில் ஆறு பத்தி போடுங்கள்: தலை, மேலாடை, கீழாடை, காலணி, கைப்பொருள், விலங்கு. 23 வரிசை. குழுத் தலைவரையும் மற்றவர்களையும் தனித்தனியே குறியுங்கள். தலைவரின் உடை பல குழுக்களில் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறது. 18-ஆம் குழுவில் தலைவர் காலில் செருப்பு, மற்றவர்கள் வெறுங்கால்.

தலைதான் மிகவும் பேசும் இடம். 5-ஆம் குழுவினரின் கூம்புத் தொப்பியிலிருந்து நீண்ட குஞ்சம் பின்னால் தொங்குகிறது, ஆடையின் விளிம்பிலும் குஞ்சம். இவர்கள் பாபிலோனியர். 11-ஆம் குழுவின் தலையில் விறைப்பான ஊசிக்குல்லா. 6-ஆம் குழுவில் தேன்கூடு போல அடுக்கடுக்கான தலைக்கட்டு, காதருகே சுருள்முடி, குறுக்காக விழும் கரை வைத்த மேலாடை. 12-ஆம் குழுவும் இதே மேலாடைதான், தலை மட்டும் வெறும் தலை. இந்த ஒரே வேறுபாடுதான் லிதியரையும் அயோனியரையும் பிரிக்கிறது. தலை சிதைந்த படத்தை வைத்துக்கொண்டு இவர்களைப் பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை.

3, 9, 16 ஆகிய மூன்று குழுக்கள்தாம் ஆரம்பத்தில் எல்லோரையும் தடுமாற வைக்கின்றன. மூன்றுமே குதிரை கொண்டுவருகின்றன. மூன்றிலும் தலையை மூடும் மென்துணிக் குல்லா, மேதிய பாணி மேற்சட்டை, கால்சட்டை. தோள்பக்கம் பாருங்கள். 9-ஆம் குழுவினரின் போர்வையைத் தோளில் ஒரு வளைந்த ஊசி பிடித்திருக்கிறது. அந்த வடிவ ஊசி அனத்தோலியப் பகுதியில் (இன்றைய துருக்கி) வழங்கியது. விரல்நீளம்கூட இல்லாத அந்தச் செதுக்கலை வைத்தே 9-ஆம் குழுவைக் கப்பதோக்கியர் என்கிறார்கள். ஆர்மீனியர் எனப்படும் 3-ஆம் குழுவைக் காட்டிக்கொடுப்பது குதிரைக்குப் பின்னால் வரும் இரு கைப்பிடி ஜாடி. அதன் கைப்பிடி விலங்குருவில் வளைந்திருக்கிறது.

காலையும் விட்டுவிடாதீர்கள். எலாமியர் (2) அணிவது ஏறத்தாழப் பாரசீக அங்கியேதான். ஆனால் தலையில் தொப்பிக்குப் பதில் பட்டை, காலில் முன்பக்கம் கயிறு கோத்த உயரக் காலணி.

விலங்கும் பொருளும்

உடை முடிந்த பிறகு விலங்கு. இரட்டைத் திமில் ஒட்டகம் 4, 7, 13, 15 ஆகிய நான்கு குழுக்களில் வருகிறது; நான்கும் பேரரசின் கிழக்கு நாடுகள். ஒற்றைத் திமில் ஒட்டகம் 20-இல் மட்டும், அவர்கள் அரேபியர். 8-இல் இரண்டு செம்மறிக் கடாக்கள். தேர் 6-இலும் 22-இலும். 18-இல் கழுதை இனத்து விலங்கு. 22-இல் ஒரு மான்வகை. 23-இல் வருவதை ஒகாபி என்பவர்களும் உண்டு, ஒட்டகச்சிவிங்கி என்பவர்களும் உண்டு. செதுக்கியவர் அந்த விலங்கை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் இதை இழுத்தடிக்க வேண்டியதில்லை.

2-ஆம் குழுவில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத்தான் வேண்டும். எலாமியர் ஒரு பெண்சிங்கத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன் உடல் முன்னோக்கி நடக்கிறது, தலை மட்டும் பின்னால் திரும்பி வாய் பிளந்திருக்கிறது. பின்னால் வரும் இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு குட்டியைக் கையில் அணைத்து வருகிறார்கள். தாய் திரும்பிப் பார்ப்பது அவற்றைத்தான். எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே முகபாவத்தில் நடக்கும் அந்த நீண்ட சுவரில் இத்தனை பதற்றம் வேறெங்கும் கிடையாது. அரண்மனைக் கலை என்றால் உணர்ச்சியற்றது என்று முடிவுகட்டுவோருக்கு இந்த ஒரு கல்லைக் காட்டினால் போதும்.

பொருள்களைச் சரிபார்க்க அருங்காட்சியகங்களில் இருக்கும் நிஜப் பொருள்களோடு ஒப்பிடுங்கள். 6-ஆம் குழு ஏந்தும் காப்புகளின் இரு முனையிலும் சிறகுள்ள விலங்குத் தலைகள். ஆக்ஸஸ் புதையலில் இதே வகைப் பொற்காப்பு ஜோடி கிடைத்தது. ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் மற்றொன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் சொந்தம். சிறகுள்ள காட்டாடு வடிவில் அமைந்த வெள்ளி ஜாடிக் கைப்பிடிகள் பாரிஸின் லூவ்ரிலும் பெர்லினிலும் இருக்கின்றன. 3-ஆம் குழுவின் ஜாடியைப் புரிந்துகொள்ள அவற்றைப் பாருங்கள். ஆனால் ஒப்பீடு பொருளின் வகையைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஆக்ஸஸ் புதையல் கிடைத்தது மத்திய ஆசியாவில். சுவரில் காப்பு ஏந்துபவர் மேற்குக் கோடி லிதியர். நல்ல நகை பேரரசு முழுவதும் கைமாறியிருக்கிறது.

பெயரை எங்கிருந்து எடுப்பது

அபதானாவில் பெயர் இல்லாவிட்டாலும், பெயர் பொறித்த உருவங்கள் வேறு இடங்களில் உண்டு. பெர்செபோலிஸுக்கு அருகிலுள்ள நக்ஷ்-இ-ருஸ்தமில் டேரியஸின் கல்லறை முகப்பில் 30 பேர் அரியணை மேடையைத் தாங்குகிறார்கள்: மேல் அடுக்கில் 14, கீழ் அடுக்கில் 14, ஓரங்களில் இருவர். ‘எத்தனை நாடுகளை டேரியஸ் ஆண்டான் என்று அறிய விரும்பினால் அரியணை தாங்குவோரின் உருவங்களைப் பார்’ என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ‘இவன் பாரசீகன்’, ‘இவன் மேதியன்’ என்ற பாணியில் பெயர்க்குறிப்புகளும் உண்டு. பெர்செபோலிஸ் மலைச்சரிவில் உள்ள பிற்கால அர்த்தக்செர்க்செஸ் கல்லறை ஒன்றிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. மூன்றாவது துணை, பேரரசின் இன்னொரு தலைநகரான சூசாவில் 1972-இல் கிடைத்த டேரியஸின் சிலை. எகிப்தில் செய்த அந்தச் சிலையின் பீடத்தில் 24 நாட்டாரின் உருவங்கள் எகிப்திய எழுத்தில் பெயரோடு இருக்கின்றன. அது இப்போது தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்கு ஈரானில் டேரியஸ் தன் வெற்றிகளைப் பொறித்த பெஹிஸ்தூன் பாறையில் கட்டுண்டு நிற்கும் கைதிகளில் கடைசி ஆள் உயரமான ஊசிக்குல்லா அணிந்திருக்கிறான். அவன் ஸ்குங்கா என்ற சகன் (சகர் மத்திய ஆசிய நாடோடி இனத்தார்) என்று அங்கே எழுதியிருக்கிறது.

உங்கள் ஆறு பத்தித் தாளை இவற்றோடு ஒப்பிடுங்கள். 11-ஆம் குழு உடனே தீர்ந்துவிடும்: கல்லறைக் கல்வெட்டு ‘ஊசிக்குல்லாச் சகர்’ என்றே அவர்களைக் குறிப்பிடுகிறது, பெஹிஸ்தூனில் பெயரோடு உருவமும் இருக்கிறது.

18-ஆம் குழு இன்னும் சுவையானது. மேலுடம்பில் துணி இல்லை, இடுப்பில் குட்டையான வேட்டி. ஒருவர் தோளில் காவடி. இரு முனையிலும் கூடை, கூடைக்குள் சிறு பைகள். கல்லறையில் ‘இந்து’ என்று குறித்த ஆளும் இதே உடைதான். ஆனால் அண்டை நாட்டாரான காந்தாரரும் சத்தகுவரும் அங்கே ஏறத்தாழ இப்படியே நிற்கிறார்கள், ஆகவே உடை மட்டும் போதாது. காந்தாரராகக் கொள்ளப்படும் 14-ஆம் குழு மேலே போர்வை போர்த்தி, திமிலுள்ள காளையும் ஈட்டியும் கேடயமும் கொண்டுவருகிறது. 18-இடம் அவை இல்லை. இந்தியர் ஆண்டுக்கு 360 தாலந்து (பழைய எடை அளவு) பொற்துகள் செலுத்தினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார். சிறு பைகளில் இருப்பது பொற்துகள் என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது. உடை, மற்றவரை விலக்கிப் பார்த்தது, எழுத்துச் சான்று மூன்றும் ஒரே பக்கம் சாய்வதால் ‘சிந்துப் பகுதி இந்தியர்’ என்று தயங்காமல் எழுதலாம். பையில் இருப்பது பொன் என்பதை மட்டும் ‘இருக்கலாம்’ என்றே எழுதுங்கள், கல்லில் பை மூடியிருக்கிறது.

23-ஆம் குழுவும் அப்படித்தான். சுருட்டை முடி, மூடியிட்ட கலம், யானைத் தந்தம். எத்தியோப்பியர் பொன்னும் கருங்காலியும் தந்தமும் கொண்டுவந்தார்கள் என்கிறார் எரோடோட்டஸ். சூசா அரண்மனை பற்றிய டேரியஸின் சாசனம் தந்தம் கூஷ் (எத்தியோப்பியர் நாடு), சிந்து, அரக்கோசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்ததாகச் சொல்கிறது.

பிழை நுழையும் இடங்கள்

8-ஆம் குழுவைப் பலர் கிலிகியர் என்கிறார்கள், பலர் அசீரியர் என்கிறார்கள். இங்கே இரண்டு சோதனை செய்யலாம். டேரியஸின் நாட்டுப் பட்டியல்கள் எதிலும் கிலிகியா என்ற பெயரே இல்லை, ஆகவே கல்லறையில் ஒப்பிட ஆள் இல்லை. எரோடோட்டஸ் கிலிகியர் செலுத்தியதாகச் சொல்வது 360 வெண்குதிரைகளும் வெள்ளியும். சுவரில் வருவதோ செம்மறிக் கடா. இவை அசீரியர் என்பதை நிரூபித்துவிடவில்லை, ஆனால் கிலிகியர் என்பதற்கான பிடிமானம் தளர்கிறது. 16-ஆம் குழுவைச் சகார்த்தியர் என்பதிலும் இதே சிக்கல்: அந்த நாடு பெர்செபோலிஸ் தெற்குச் சுவர்ப் பட்டியலில் உண்டு, கல்லறைப் பட்டியலில் இல்லை. 13, 15 இரண்டில் எது பார்த்தியர், எது பாக்திரியர் என்பதில் ஷ்மிட்டும் பின்வந்த ஆய்வாளர் கெரோல்ட் வால்ஸரும் நேரெதிர். 10-ஆம் குழு எகிப்தியர் என்பது ஏற்கத்தக்கதே, ஆனால் கிழக்கு முகப்பில் அவர்களின் மேலுடம்பு உடைந்துபோய், நீண்ட அங்கியின் கீழ்ப்பகுதியும் வெறுங்காலும் காளையும்தான் மிச்சம்.

23 குழு என்றால் 23 மாகாணம் என்று கணக்குப் போடாதீர்கள். எரோடோட்டஸ் 20 வரிப்பகுதிகள் சொல்கிறார், கல்லறை 30 பேரைக் காட்டுகிறது. சுவர் நிர்வாகப் பதிவேடு அல்ல. கொண்டுவருவதை வரி என்று எழுதுவதும் சரியில்லை. சிங்கக் குட்டியைக் கருவூலத்தில் வரவு வைக்க முடியாது. காணிக்கை என்ற சொல் போதும். பாரசீகர் காணிக்கைக் குழுவாக வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள், அவர்கள் அழைத்து வருபவர்களாகவும் காவலராகவும் மட்டுமே இருக்கிறார்கள்.

இது நவ்ரூஸ் (இளவேனிலில் வரும் பாரசீகப் புத்தாண்டு) விழா ஊர்வலம் என்று ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். படிக்கட்டின் முக்கோண மூலைகளில் சிங்கம் காளையைத் தாக்கும் காட்சியை இளவேனில் நட்சத்திரக் குறியாக எடுத்துக்கொள்வது இதற்கு முக்கிய ஆதாரம். டேரியஸின் வம்சமான அகாமனிசியரின் கல்வெட்டு எதுவும் பெர்செபோலிஸில் நவ்ரூஸ் நடந்ததாகச் சொல்லவில்லை. குறிப்பில் சேர்ப்பதானால் கருத்து என்றே சேருங்கள்.

நடுப்பலகை இன்னொரு பொறி. இரு பக்கமும் காவலர் எதிரெதிரே நிற்கும் இப்போதைய பலகை முதலில் அங்கே இருந்ததல்ல. அரியணையில் அரசன், பின்னால் இளவரசன், முன்னால் இரண்டு தூபக்கால்கள் என்ற காட்சிதான் இரண்டு முகப்பின் நடுவிலும் இருந்தது. பழங்காலத்திலேயே பெயர்த்துக் கருவூலத்துக்குக் கொண்டுபோனார்கள். 1936-இல் ஷ்மிட் அவற்றை அங்கே கண்டெடுத்தார். அவை அபதானாவுக்கு உரியவை என்று பிறகு நிறுவியவர்கள் பெர்செபோலிஸில் சீரமைப்புப் பணி செய்த தில்யா தம்பதியர். ஒன்று தெஹ்ரானில், மற்றது கருவூலத்திலேயே. 23 குழுக்களும் யாரை நோக்கி நடக்கின்றன என்பது அந்தப் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கல்லையும் கொஞ்சம்

கற்கள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். இரும்புக் கவ்வி வைத்து ஈயம் ஊற்றி இணைத்தவை. கற்களை அடுக்கிய பிறகே செதுக்கினார்கள், அதனால் இணைப்புக்கோடு ஒரு முகத்தின் நடுவிலும் ஓடலாம். அதை வெடிப்பு என்றோ பிற்காலப் பழுது என்றோ எழுதிவிடாதீர்கள். ஆய்வாளர் மைக்கேல் ரோஃப் 1983-இல் காட்டியபடி சிற்பிகள் குழு குழுவாகப் பிரிந்து வேலை செய்தார்கள். தாடிச் சுருளைச் செதுக்கும் விதம் சுவரில் திடீரென மாறினால் அது வேறு நாட்டாரின் தாடி அல்ல, வேறு சிற்பியின் கை. நாட்டு அடையாளமாகக் கொள்ளும் முன் பக்கத்துக் குழுவின் தாடியையும் பாருங்கள். சிவப்பு, நீலம், பச்சை வண்ணத் தடயங்கள் பெர்செபோலிஸ் சிற்பங்களில் கிடைத்திருக்கின்றன, எனவே ‘வெற்றுத் துணி’ என்று தோன்றும் ஆடையில் வண்ணம் தீட்டிய கோலம் இருந்திருக்கலாம்.

கடைசியாகப் படக்குறிப்பு எழுதும்போது முகப்பு, வரிசை, எண், கண்ணால் கண்டது, பெயர், பெயரின் உறுதி என்ற வரிசையில் எழுதுங்கள். இப்படி: ‘அபதானா, கிழக்கு முகப்பு, நடு வரிசை, 8-ஆம் குழு. தலையில் சுற்றிய பட்டை, அரைக்கை அங்கி, கயிறு கோத்த காலணி. கிண்ணங்கள், தோல்கள், இரண்டு செம்மறிக் கடாக்கள். அசீரியர் அல்லது கிலிகியர், முடிவாகவில்லை.’